கட்டிக்கும் ஒரு கே.ஒய்.சி. வேண்டும்

முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, இருபது வருஷமாக அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொண்டிருப்பவன். புனேக்கு மாற்றலாகி வந்தும் பல வருஷம் ஆகிறது. "உனக்கு எதுக்கய்யா மூளைக் கட்டியைப் பத்தி எழுதுற வேலை?" என்று கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். வைத்தியம் டாக்டர் மேஜையில் நடக்கிறது. அதற்கான பணம் என் மேஜை வழியாகப் போகிறது. போகிற பணம் எங்கே போகிறது என்று கேட்பது என் தொழில்.

பெரிய ஊர் எதிலும் பார்க்கலாம், ரோட்டோரத்தில் ஒரு ராட்சச விளம்பரப் பலகை. வெள்ளை வெளேரென்று ஒரு மெஷின். பக்கத்தில் கையைக் கட்டிக் கொண்டு சிரிக்கும் டாக்டர்கள். 'கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்' என்கிற ரீதியில் ஒரு வாசகம். எந்தக் கட்டிக்கு, எந்த அளவுக்கு, யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பலகையில் இருக்காது. கார் விளம்பரத்தில்கூட மைலேஜ் என்னவென்று கீழே பொடி எழுத்தில் போடுகிறார்கள். இதில் அதுவும் இல்லை.

இந்த விளம்பரம் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். பிக்சட் டெபாசிட்டை உடைக்கவோ, நகைக் கடனுக்கோ, வீட்டுக் கடன் மேல் டாப்-அப் கேட்டோ வருபவர்களிடம் பேச்சு இப்படித்தான் போகிறது:

"என்ன சார் உடம்புக்கு?"

"பிரெய்ன் ட்யூமர் சார். சம்சாரத்துக்கு."

"என்ன வகைன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் தெரியாது சார். புது மெஷின் வந்திருக்காம். பேக்கேஜ் ரேட் சொல்லியிருக்காங்க. சீக்கிரம் கட்டச் சொல்றாங்க."

கட்கியோ, தேகு ரோடோ, ராஸ்தா பேட்டோ, நம்ம ஆட்கள் மட்டும் இல்லை. மராட்டிக்காரர்களும் இதையேதான் மராட்டியில் சொல்கிறார்கள். மெஷினின் பெயர் தெரிகிறது. அது எந்த நாட்டில் செய்தது என்று தெரிகிறது. கட்டியின் பெயர் தெரியவில்லை.

ஐயா, ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு சேமிப்புக் கணக்கு திறக்க வருபவரிடம் நான் ஆதார் கேட்கிறேன், பான் கேட்கிறேன், போட்டோ கேட்கிறேன், விலாசத்துக்குச் சான்று கேட்கிறேன். வாடிக்கையாளர் யாரென்று தெரிந்து கொள்ளாமல் ஒரு கணக்கு திறந்தால் எனக்கு மெமோ வரும். ஒரு குடும்பத்தின் இருபது வருஷச் சேமிப்பையும் விழுங்க வந்திருக்கும் கட்டிக்கு மட்டும் கே.ஒய்.சி. கிடையாதா?

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மெஷின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கட்டியின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லாமல் எஸ்டிமேட் நீட்டுகிறவர்களைக் கேள்வி கேளுங்கள்.

'பிரெய்ன் ட்யூமர்' என்று ஒரு வியாதி இல்லை

இது தெரியாமல்தான் பாதிக் குழப்பம். உலக சுகாதார நிறுவனம் மூளை, தண்டுவடக் கட்டிகளை வகைப்படுத்தி ஒரு புத்தகம் வெளியிடுகிறது. 2021ல் வந்தது ஐந்தாம் பதிப்பு. அதில் நூறு வகைகளுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு, வேகம் வேறு, வைத்தியம் வேறு. நாலைந்தை மட்டும் பார்ப்போம்.

மெனிஞ்சியோமா என்று ஒன்று. மூளையில் முளைப்பதில்லை, மூளையைச் சுற்றியுள்ள உறையில் முளைப்பது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. மெதுவாக வளரும். வயதானவருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது சின்னதாகத் தெரிந்து, தொந்தரவும் இல்லையென்றால், குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக் கொண்டிருப்பதே வைத்தியம். ஆம், சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம்தான். அதற்குப் பேக்கேஜ் கிடையாது என்பதால் யாரும் பலகை வைப்பதில்லை :-)

பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளில் புரோலாக்டினோமா என்று ஒரு வகை. அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். கேபர்கோலின் என்ற மாத்திரையிலேயே சுருங்குகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடும். அதே சுரப்பியில் வரும் வேறு பல கட்டிகளுக்கு மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு ஆபரேஷன் செய்கிறார்கள். மண்டையைத் திறப்பதில்லை.

அடுத்து, உடம்பின் வேறு இடத்தில், நுரையீரலிலோ மார்பகத்திலோ, ஆரம்பித்த புற்றுநோய் மூளைக்குப் பரவி வரும் கட்டி. இதில் மூளையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் ஆகாது. மூலத்தையும் பார்க்க வேண்டும்.

எல்லோரும் பயப்படும் கிளியோபிளாஸ்டோமா வேறு. வேகமானது, மூளைக்குள் வேர் விடுவது. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

கடைசியாக, கட்டி மாதிரித் தெரிந்து கட்டியே இல்லாதது. நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. காசநோய் மூளையில் உருண்டையாக நிற்கும். நாடாப்புழுவின் இளம்பருவம் மூளைக்குள் போய் உட்கார்ந்து வலிப்பு வரவழைக்கும். இரண்டுமே ஸ்கேனில் கட்டி மாதிரித் தெரியும்.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் வேலூர் சி.எம்.சி. செய்தது பெரிய காரியம். 1980களில் வலிப்போடு வந்த ஏராளமான இந்திய நோயாளிகளின் சி.டி. ஸ்கேனில் ஒற்றைச் சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தது. காசநோய் என்று நினைத்து மாசக்கணக்கில் அதற்கான மருந்தைக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய வேலூர் குழு, அந்தப் புள்ளியிலிருந்து திசுவை எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் வேலை என்று காட்டியது. வலிப்பு மருந்தைக் கொடுத்துக் காத்திருந்தால் பல புள்ளிகள் தானாகவே மறைந்தும் விடுகின்றன. எத்தனை பேருக்குத் தேவையில்லாத மருந்தும் ஆபரேஷனும் மிச்சமாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். இது புது மெஷின் வாங்கியதால் கிடைத்த விடை இல்லை. "இது என்ன?" என்ற கேள்வியை விடாமல் கேட்டதால் கிடைத்தது.

பெயர் எப்படித் தெரியும்?

இரண்டு கட்டமாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. பார்த்ததும் டாக்டர்களுக்கு ஒரு யூகம் வரும். அனுபவமுள்ளவர் என்றால் பல சமயம் யூகம் சரியாகவே இருக்கும். ஆனால் ஊர்ஜிதமாவது திசுவைப் பார்த்த பிறகுதான். கட்டியை எடுக்கும் ஆபரேஷனிலோ, ஊசி விட்டு எடுக்கும் பயாப்ஸியிலோ கிடைக்கும் துண்டை பேதாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். கிரேடு 1, 2, 3, 4 என்று போடுகிறார்.

முன்பெல்லாம் அத்தோடு சரி. 2016ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மாறியது. மைக்ராஸ்கோப் மட்டும் போதாது, கட்டியின் மரபணு மாற்றத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். 2021ல் அது இன்னும் கறாரானது. ஐ.டி.ஹெச். மாற்றம் இருக்கிறதா, 1பி-19க்யூ போயிருக்கிறதா, எம்.ஜி.எம்.டி. எப்படி இருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகளில், ஒன்றோடு பல வருஷம் வாழலாம், மற்றது ஒன்றிரண்டு வருஷத்தில் ஆளை முடித்துவிடும். வித்தியாசம் இந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது. ஐ.டி.ஹெச். மாற்றமுள்ள கிரேடு 2 கட்டிகளுக்கென்றே வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டெஸ்டே செய்யாதவருக்கு அந்தப் பேச்சே கிடையாது.

மெஷின் பேக்கேஜுக்கு லட்சக்கணக்கில் எடுத்து வைக்கும் குடும்பம், "இந்த டெஸ்ட் எக்ஸ்ட்ரா சார், வேணும்னா பண்ணுங்க" என்று யாராவது சொன்னதும் அதை விட்டு விடுகிறது. வீடு வாங்க ஐம்பது லட்சம் கடன் எடுப்பவர் வில்லங்கச் சான்றிதழ் செலவை மிச்சம் பிடிப்பது போன்ற கதை.

இன்னொன்று. ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். பிளாக், ஸ்லைடு என்பார்கள். வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்து கேட்க அதைத்தான் கேட்பார்கள். எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள். வீட்டுப் பத்திரம் மாதிரி அது.

சரி, மெஷின்கள் எல்லாம் ஏமாற்றா?

இல்லை. அப்படிச் சொன்னால் நான் அயோக்கியன். மெஷின்கள் அருமையானவை. பலகை வைத்து விற்கும் விதம்தான் மோசம்.

சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், மண்டையைத் திறக்காமலே பல திசைகளிலிருந்து கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கலாம் என்று 1951லேயே எழுதினார். 1960களின் கடைசியில் அது காமா நைஃப் ஆனது. நைஃப் என்று பெயர், கத்தியே கிடையாது. கோபால்ட் கதிர்தான். காது நரம்பில் வரும் சின்னக் கட்டி, ஆழத்தில் இருக்கும் சின்ன மெனிஞ்சியோமா, பரவி வந்த ஒன்றிரண்டு சின்னக் கட்டிகள் என்று, சிறியதாக, வரப்பு தெளிவாக இருப்பவற்றுக்கு இது பெரிய வரம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். சைபர் நைஃப் வேறு மெஷின், ரோபோ கையில் பொருத்தியது. அடிப்படை அதே குவிக்கிற வேலைதான்.

'சிறியதாக, வரப்பு தெளிவாக' என்பதைக் கவனியுங்கள். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வரப்பு கிடையாது. ஸ்கேனில் தெரிவதைத் தாண்டியும் அது போயிருக்கும். அதற்கும் இந்தக் குவிந்த கதிரைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று அமெரிக்காவில் முறையாகவே பரிசோதித்தார்கள். 203 நோயாளிகள். முடிவு 2004ல் வெளியானது. கூடுதலாக வாங்கியவர்களின் நடுத்தர ஆயுள் 13.5 மாதம். வாங்காதவர்களுக்கு 13.6 மாதம். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம், 2005ல், ஐரோப்பாவும் கனடாவும் சேர்ந்து 573 பேரிடம் நடத்திய ஆய்வு வந்தது. சாதாரண ரேடியேஷன், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், முப்பது சிட்டிங். அதோடு டெமோசோலமைட் என்ற மாத்திரை. நடுத்தர ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இரண்டு வருஷம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் பத்து பேரிலிருந்து இருபத்தாறு பேரானார்கள். இருபது வருஷம் கழித்தும் உலகம் முழுக்க அடிப்படை வைத்தியம் இதுதான். வயதானவர்களுக்கு முப்பது சிட்டிங்கைப் பதினைந்தாகக் குறைத்தும் கொடுக்கிறார்கள். மாத்திரையை இந்தியக் கம்பெனிகளே செய்கின்றன. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இதற்கு எந்த ரோட்டிலாவது பலகை பார்த்திருக்கிறீர்களா?

புரோட்டான் கதை இன்னும் பெரிது. குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளில், மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டியிருக்கும்போது, இதயமும் குடலும் கதிரில் மாட்டாமல் காப்பாற்றப் புரோட்டான் உதவுகிறது. மண்டையோட்டு அடியில் வரும் கார்டோமாவுக்கும் அப்படியே. சென்னையில் ஒரு தனியார் மையம் 2019ல் தொடங்கியது. நம் பக்கத்தில் நவி மும்பை கார்கரில், டாடா மெமோரியல் சென்டரைச் சேர்ந்த ஆக்ட்ரெக் வளாகத்தில் 2023ல் வந்தது. தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்க வேண்டும், அரசாங்கச் செலவிலாவது கிடைக்க வேண்டும். ஆனால் பெயரே தெரியாத கட்டிக்கு 'புரோட்டான்தான் லேட்டஸ்ட்' என்று சொந்தக்காரர் வாட்ஸப்பில் அனுப்பியதை நம்பி நிலத்தை விற்காதீர்கள்.

டெக்னாலஜிக்கு நான் எதிரி இல்லை என்பதற்கு ஒரே உதாரணம். இதே டாடா மெமோரியலில் 2001லிருந்து 2012 வரை, 3 வயது முதல் 25 வயது வரையிலான 200 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். எல்லோருக்கும் மெதுவாக வளரும் மூளைக் கட்டி. பாதிப் பேருக்கு வழக்கமான ரேடியேஷன். மீதிப் பேருக்கு, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப மிகத் துல்லியமாகத் திட்டமிட்ட ரேடியேஷன். ராகேஷ் ஜலாலி தலைமையிலான குழு 2017ல் முடிவை வெளியிட்டது. கட்டியைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம். ஆனால் துல்லியமாகக் கொடுத்த பிள்ளைகளின் புத்திக்கூர்மை நன்றாகக் காப்பாற்றப்பட்டிருந்தது. ஐந்து வருஷத்தில் புதிதாக ஹார்மோன் கோளாறு வந்தவர்கள் 51 சதவீதத்துக்குப் பதில் 31 சதவீதம்.

இதைத்தான் டெக்னாலஜி என்று நான் மதிக்கிறேன். ஒரு பொது ஆஸ்பத்திரி, இந்தியப் பிள்ளைகள், பத்து வருஷத்துக்கு மேல் பொறுமை, கடைசியில் ஒரு எண். எண் இருந்தால் பேசலாம். பேலன்ஸ் ஷீட் இல்லாமல் கடன் கேட்கும் கம்பெனியை நாங்கள் வாசலோடு அனுப்புகிறோம் அல்லவா?

"உயிருக்கு விலை பேசுகிறாயா?"

பேசுகிறேன் என்றே வைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே குடும்பங்களின் வாயை அடைத்து விடுகிறார்கள். அம்மாவுக்கு முடியாமல் கிடக்கும்போது எந்த மகனாலும் 'இது தேவையா?' என்று கேட்க முடியாது. கேட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த வெட்கத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஒரு வங்கிக்காரன் கணக்காகச் சொல்கிறேன். மூளைக் கட்டி ஒரு நாள் செலவு இல்லை. ஆபரேஷன், அதன்பின் ஆறு வாரம் ரேடியேஷன், அதன்பின் மாசா மாசம் மாத்திரை, சில மாசத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., வலிப்பு மருந்து, கை கால் வரவில்லை என்றால் பிசியோதெரபி, பேச்சு வரவில்லை என்றால் அதற்கு ஒரு பயிற்சி. கூட இருப்பவருக்குச் சம்பளமில்லாத லீவு. தினமும் ஆட்டோ. இது வருஷக்கணக்கில் ஓடும் செலவு.

நடப்பது என்ன? முதல் பதினைந்து நாளில் கையில் இருக்கும் மொத்தத்தையும் ஒரு பேக்கேஜில் கொட்டி விடுகிறார்கள். ஆறு மாசம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கப் பணமில்லை. வலிப்பு மாத்திரையைப் பாதி நாள் போட்டு, பாதி நாள் நிறுத்துகிறார்கள். ரேடியேஷனுக்கு நடுவில் இரண்டு வாரம் வராமல் போகிறார்கள். நிரூபணமான வைத்தியத்தை விட்டுவிட்டு, நிரூபணமாகாததற்கு எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருக்கிறார்கள். உயிருக்கு விலை பேசியது நானா, பலகை வைத்தவரா?

எங்களிடம் 'வொர்க்கிங் கேப்பிட்டல்' என்பார்கள். பணம் முழுவதையும் கட்டடத்தில் போட்டுவிட்டுத் தினசரி நடத்தக் காசில்லாமல் மூடிய கம்பெனிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளி வீட்டிலும் அதேதான் நடக்கிறது.

புனேக்காரர்களுக்குக் கொஞ்சம் கணக்கு வழக்கு

ஒன்று. எக்ஸ்பிரஸ்வே போய் முடியும் கலம்போலிக்குப் பக்கத்திலேயே கார்கர். டாடா மெமோரியல் 1941ல் பரேலில் திறந்தது, 1962லிருந்து அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. ஆக்ட்ரெக் அதன் கார்கர் வளாகம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், பரேலில் நோயாளிகள் பிளாட்பாரத்தில் படுத்திருப்பதும் உண்மை. அது வெட்கப்பட வேண்டிய விஷயம், அரசாங்கம் வெட்கப்பட வேண்டியது. இத்தனை வரி கட்டும் புனேயிலிருந்து ஜனங்கள் ஏன் இன்னும் மும்பைக்கு ஓட வேண்டும் என்று ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிக் காட்பாடியில் இறங்கும் நம்மவர்களும் உண்டு. வேலூரில்தான் 1949ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். போவது தப்பில்லை. ஆனால் ஆறு வாரம் ரேடியேஷன் எங்கே தங்கி எடுப்பது என்பதையும் போகும் முன்பே கணக்குப் போடுங்கள். ஆபரேஷன் ஓரிடம், ரேடியேஷன் வீட்டுக்குப் பக்கம் என்று பிரித்துக் கொள்ள முடியுமா என்று டாக்டரிடமே கேட்கலாம்.

இரண்டு. நேரில் போகாமலே இரண்டாவது கருத்து வாங்க வழி இருக்கிறது. 2012ல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட், டாடா மெமோரியல் ஆகியவற்றின் நிபுணர்களிடமிருந்து நவ்யா என்ற இணையச் சேவை வழியாக எழுத்து மூலமாகப் பெறலாம்.

மூன்று. ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மகாராஷ்டிராவின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்று 2023ல் முடிவெடுத்து 2024லிருந்து மாநிலத்துக் குடும்பங்கள் எல்லோருக்கும் விரித்தார்கள். முப்பது வருஷம் தேகு ரோட்டில் இருந்துகொண்டு கார்டை இன்னும் விழுப்புரத்திலேயே வைத்திருந்தால் இங்கே உதவாது. தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கோ வருமான வரம்பு உண்டு.

நான்கு. மெடிகிளைம் இருப்பவர்கள் கவனிக்க. பாலிசியில் ஒதுக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று காப்பீட்டு ஆணையம் 2019ல் பன்னிரண்டைப் பட்டியல் போட்டது. அதில் ஸ்டீரியோடாக்டிக் ரேடியோ சர்ஜரி இருக்கிறது, வாய்வழி கீமோதெரபி இருக்கிறது, ஆபரேஷன் நடக்கும்போதே நரம்புகளைக் கண்காணிக்கும் முறையும் இருக்கிறது. மூன்றும் மூளைக் கட்டிக்கு வேண்டியவை. 'மாத்திரைக்கு கிளைம் கிடையாது' என்று யாராவது சொன்னால் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். சப்-லிமிட் இருக்கலாம், அதைப் பாலிசியில் பாருங்கள். 'கிரிட்டிக்கல் இல்னெஸ்' பாலிசி என்றால் புற்றில்லாத மூளைக் கட்டிக்குத் தனி விளக்கம் இருக்கிறது. அதில் பிட்யூட்டரி கட்டி கிடையாது. பார்த்தீர்களா, இன்ஷூரன்ஸ்காரன்கூடக் கட்டியின் பெயரைத்தான் முதலில் கேட்கிறான்!

நான் கேட்பது

ஆஸ்பத்திரிகள் கொடுக்கும் எஸ்டிமேட் தாளில் ரூம் வாடகை, கையுறை, பஞ்சு வரை எல்லாம் இருக்கிறது. அதே தாளில் நாலு வரி சேர்க்கச் சட்டம் வேண்டும்.

1. கட்டியின் பெயர், கிரேடு. இன்னும் தெரியாது என்றால் 'தெரியாது, யூகம் இது' என்று எழுதட்டும்.

2. இந்த வைத்தியத்தின் நோக்கம். குணமாக்கவா, தள்ளிப் போடவா, வலியைக் குறைக்கவா?

3. இதற்குப் பதிலாக வேறு என்ன வழி உண்டு, அதன் செலவு என்ன? சும்மா கவனித்துக் கொண்டிருப்பதும் ஒரு வழி என்றால் அதையும் சேர்த்து.

4. அறுவை டாக்டர், ரேடியேஷன் டாக்டர், கீமோ டாக்டர், பேதாலஜி டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களா? நல்ல மையங்களில் இதை ட்யூமர் போர்டு என்கிறார்கள். பேசிய தேதியைப் போடட்டும்.

இது அதிகப்படியான ஆசையா? ஒரு வீட்டுக் கடனுக்கு நாங்கள் வட்டி விகிதம், கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்துகிறது. மருந்து விலையில்கூட அரசாங்கம் மனசு வைத்தால் நடக்கிறது. 2019ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கட்டினார்கள். நூற்றுக்கணக்கான பிராண்டுகளின் விலை இறங்கியது. சில 87 சதவீதம் வரை. அதுவரை அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து போய்க் கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நாலு கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக் கொண்டு டாக்டர் அறைக்குள் போங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். உட்காரச் சொல்லி, படம் போட்டு விளக்குவார். அப்படிப்பட்டவர்கள் புனேயிலும் நிறைய இருக்கிறார்கள். கேள்வியைக் கேட்டதும் 'நம்பிக்கை இல்லேன்னா வேற இடம் பாருங்க' என்பவரிடம், அவர் சொன்ன யோசனையையே கேட்டு வேறு இடம் பாருங்கள்.

பி.கு: இதைப் படித்துவிட்டு யாரும் வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். காலையில் எழும்போதே கடும் தலைவலி, வாந்தி, திடீரென்று வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, நினைவு தடுமாறுவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். அந்த நேரத்தில் கே.ஒய்.சி. கேட்டுக் கொண்டு நிற்க வேண்டாம். உயிரைக் காப்பாற்றிய பிறகு, திசு ரிப்போர்ட் வந்த பிறகு, அடுத்த பெரிய செலவுக்கு முன்னால் கேளுங்கள். அதற்குச் சில நாள் அவகாசம் பெரும்பாலும் இருக்கும். மாற்றுக் கருத்துள்ள டாக்டர்கள், முக்கியமாக அந்த மெஷின்களில் வேலை பார்ப்பவர்கள், கீழே வந்து திட்டலாம். எண்ணோடு வந்து திட்டினால் சந்தோஷம்.